கீழே விழுந்த குட்டியை எடுத்தாயிற்று, இனி யாரிடம் கொடுப்பது?

ஆடிக் காற்று தொடங்கிவிட்டால் எங்கள் தெருப் பிள்ளைகளில் யாராவது ஒருவர் கையைக் குவித்துப் பிடித்தபடி என் வீட்டு வாசலில் வந்து நிற்பது வழக்கம். போன வருஷம் வந்தவன் மூன்றாம் வீட்டுப் பையன். "அத்தை, தென்னை மரத்தடியில கெடந்துச்சு, எறும்பு மொய்ச்சிருச்சு" என்று கையை நீட்டினான். உள்ளே விரல் நீளத்தில் ஓர் அணில்பிள்ளை. ரோமம் சரியாக முளைக்கவில்லை, கண் திறக்கவில்லை. முதுகில் அந்த மூன்று வரி மட்டும் பென்சிலால் இழுத்த மாதிரி லேசாகத் தெரிந்தது. தொட்டால் சில்லென்று இருந்தது. "நாமளே வளத்துக்கலாமா அத்தை?" என்று கேட்டான்.

நான் இருப்பது பட்டுக்கோட்டைப் பக்கம், தென்னந்தோப்புகளுக்கு நடுவே. பதினைந்து வருஷமாக இப்படி வந்து சேரும் அணில், காக்கைக் குஞ்சு, மைனா, ஆந்தை என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் டாக்டருக்குப் படித்தவள் இல்லை. ஆனால் அந்தப் பையன் கேட்ட மாதிரி யார் கேட்டாலும், அவர்கள் முன்னால் இருப்பவை நான்கு வழிகள்தான். தாயிடம் திருப்பி விடலாம். வீட்டில் வைத்து வளர்க்கலாம். வனத்துறையிடம் ஒப்படைக்கலாம். கால்நடை டாக்டரிடமோ மீட்பு அமைப்பிடமோ கொண்டுபோகலாம். நான்கையும் செய்து பார்த்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காயமில்லாத குட்டி என்றால் முதலில் தாய், காயம்பட்டது என்றால் முதலில் டாக்டர். வீட்டில் வளர்ப்பது வேறு போக்கிடமே இல்லாதபோது மட்டும்.

தூக்குவதற்கு முன்னால்

நாம் "அநாதை" என்று எடுத்துவரும் குட்டிகளில் பலவற்றுக்குத் தாய் பக்கத்திலேயே இருக்கிறது. குறிப்பாகப் பறவைக் குஞ்சுகள். உடம்பு முழுக்கச் சிறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக, தரையில் தத்தித் தத்தி நடக்கிற காக்கைக் குஞ்சையோ மைனாக் குஞ்சையோ பார்த்தால், அது விழுந்ததில்லை, இறங்கியது. கூட்டைவிட்டு வந்து பறக்கப் பழகும் சில நாட்கள் அவை அப்படித்தான் தரையிலும் புதரிலும் கிடக்கும். தாயும் தகப்பனும் மேலே கிளையில் இருந்து இரை கொண்டுவந்து ஊட்டும். அதைத் தூக்கிவந்தால் அதற்குப் பெயர் மீட்பு இல்லை, பிள்ளை பிடிப்பது. நாயும் பூனையும் எட்டாத ஒரு கிளையிலோ மதில் மேலோ ஏற்றிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். காக்கை நம் தலையில் கொத்த வரும், வரட்டும், தாய் இருப்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

சிறகே முளைக்காத குஞ்சு என்றால் கதை வேறு. அது கூட்டில் இருக்க வேண்டியது.

எடுத்தவுடன் பார்க்க வேண்டியவை: ரத்தம் இருக்கிறதா, ஒரு சிறகு மட்டும் தொங்குகிறதா, ரோமத்துக்கிடையில் ரவை மாதிரி வெள்ளையாக ஈ முட்டை ஒட்டியிருக்கிறதா, பூனை வாயிலிருந்து வந்ததா. கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்றால், வெளியே காயமே தெரியாவிட்டாலும் டாக்டர்தான். பூனைப் பல் ஊசி மாதிரி. துளை மேலே மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் வைக்கும். பார்க்க நன்றாக இருக்கிற குட்டி ஓரிரண்டு நாளில் போய்விடும். நேரத்தோடு ஆன்ட்டிபயாட்டிக் கிடைத்தால்தான் பிழைக்கும்.

தாயிடம் திருப்பி விடுவது

இந்த வழிக்குச் செலவு கிடையாது, ஃபோன் போட வேண்டியதில்லை. வேண்டியது இரண்டு மூன்று மணி நேரப் பொறுமை. அதனால்தானோ என்னவோ இதைத்தான் குறைவாகச் செய்கிறோம்.

"மனுஷன் கை பட்டால் தாய் சேர்க்காது" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். என் அம்மாவும் சொன்னார். பறவைகள் விஷயத்தில் இது உண்மையில்லை. அவை குஞ்சை வாடையை வைத்துத் தள்ளிவிடுவதில்லை. அணில் தாயும் குட்டியை வாயில் கவ்வி எடுத்துப் போவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன், அதுவும் என் கைச்சூட்டில் அரைமணி நேரம் இருந்த குட்டியை. தாய் சேர்க்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு: குட்டி குளிர்ந்துபோயிருக்கும். சில்லிட்ட குட்டி அசையாது, சத்தம் போடாது. செத்ததற்கும் அதற்கும் தாய்க்கு வித்தியாசம் தெரிவதில்லை.

அதனால் முதல் வேலை எறும்பை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் குட்டியைச் சூடேற்றுவது. சுடுதண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, ஒரு செருப்புப் பெட்டிக்குள் ஒரு ஓரமாக வைத்து, பக்கத்தில் குட்டியை விடலாம். பெட்டி முழுக்கச் சூடாக்கக் கூடாது, சூடு அதிகமானால் அது நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். உடம்பு வெதுவெதுப்பானதும் "கீச்" என்று மெல்லக் கூப்பிடத் தொடங்கும். பிறகு ஒரு கொட்டாங்குச்சியில் பழைய பருத்தித் துணியும் கொஞ்சம் தேங்காய் நாரும் போட்டு, குட்டியை வைத்து, எடுத்த அதே மரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் கட்டிவிட வேண்டும். மரத்தைச் சுற்றி எறும்புச் சாரை இருந்தால் பக்கத்து மரம். அப்புறம் நாம் தூரப் போய்விட வேண்டும். திண்ணையிலிருந்து பார்த்தால் போதும், பக்கத்தில் நின்றால் தாய் இறங்காது.

அணில் பகலில் நடமாடும் பிராணி. சாயங்காலம் ஐந்து மணிக்குக் குட்டியை மரத்தில் வைத்தால் தாய் வராது, ராத்திரிக் குளிரும் பூனையும்தான் வரும். மாலையில் கிடைத்த குட்டியை ராத்திரி வீட்டில் சூடாக வைத்திருந்து விடிந்ததும் மரத்துக்குக் கொண்டுபோவதே சரி.

சிறகு முளைக்காத பறவைக் குஞ்சுக்கும் இதே முறைதான். கூடு எட்டினால் கூட்டிலேயே வைக்கலாம். கூடே விழுந்து பிய்ந்திருந்தால் அடியில் ஓட்டை போட்ட சின்னக் கூடையில் காய்ந்த புல்லைப் போட்டு அதே கிளையில் கட்டலாம். ஓட்டை இல்லாவிட்டால் ஒரு மழைக்கே குஞ்சு மூழ்கிவிடும்.

யானை விஷயத்திலும் வனத்துறை முதலில் எடுப்பது இந்த வழியைத்தான். 2023 டிசம்பர் கடைசியில் பொள்ளாச்சிப் பக்கம் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் தாயைப் பிரிந்து தவித்த குட்டி ஒன்றை, ட்ரோன் விட்டுக் கூட்டத்தைத் தேடி, குட்டியைக் குளிப்பாட்டிச் சேறு பூசி மனித வாடையைப் போக்கி, தாயோடு சேர்த்தார்கள். யானைக்கு வாடை முக்கியம், அதனால் அந்த மெனக்கெடல். சில நாள் கழித்து அந்தக் குட்டி தாயை ஒட்டிப் படுத்துத் தூங்கும் படம் வெளிவந்தது. அதைப் பார்த்து அன்றைக்கு முழுக்க எனக்கு மனசு நிறைந்திருந்தது.

இந்த வழி எப்போது உதவாது? தாய் செத்துக்கிடப்பதை நம் கண்ணால் பார்த்திருந்தால் உதவாது. மரமே இல்லாமல் போனாலும் உதவாது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் எங்கள் பக்கத்தைப் புரட்டிப் போட்டபோது அதுதான் நடந்தது. விடிந்து பார்த்தால் தோப்பு தோப்பாகத் தென்னை படுத்துக் கிடந்தது. விழுந்த மரங்களின் கொண்டைக்குள் அணில் கூடுகள், ஈர நாருக்குள் குட்டிகள். எங்கே கட்டுவது கொட்டாங்குச்சியை? சாலையெல்லாம் மரம், கரண்ட் இல்லை, ஃபோன் இல்லை. டாக்டருமில்லை, வனத்துறையுமில்லை. அன்றைக்கு எனக்கு இருந்தது இரண்டாவது வழி ஒன்றுதான்.

வீட்டில் வளர்ப்பது

மனசுக்கு மிக நெருக்கமான வழி இதுதான். அதனால்தான் மிகக் கவனமாக இருக்க வேண்டியதும் இதில்தான்.

நான் வளர்க்க முயன்ற முதல் அணில் மூன்றாவது நாள் இறந்தது. பசும்பாலைக் காய்ச்சி ஆற வைத்து, இங்க் ஃபில்லரில் எடுத்து, குட்டியை மல்லாக்க வைத்து ஊட்டினேன். செய்தது மூன்றுமே தவறு. பசும்பால் அதற்குச் செரிக்காது, வயிற்றுப்போக்கு வந்து உடம்பு நீரெல்லாம் போய்விடும். ஃபில்லரில் வரும் சொட்டு அந்த வாய்க்கு மிகப் பெரிது. மல்லாக்க வைத்து ஊட்டினால் பால் மூக்கு வழியாக நுரையீரலுக்குப் போய்விடும். மூக்கில் பால் குமிழி வந்ததை அன்றைக்குப் பார்த்தேன், அதன் அர்த்தம் தெரியவில்லை. இப்போது தெரியும். நிமோனியா அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு ராத்திரி தாங்க வைக்க வேண்டும் என்றால் போதுமான விஷயம் இவ்வளவுதான். முதலில் சூடு, பிறகே ஆகாரம். குளிர்ந்த உடம்பில் எதை ஊட்டினாலும் செரிக்காது. சூடான பிறகு ஓ.ஆர்.எஸ். கரைசலை வெதுவெதுப்பாக, ஊசி இல்லாத ஒரு மில்லி சிரிஞ்சில் எடுத்து, குட்டியைக் குப்புற வைத்து, உதட்டோரம் ஒவ்வொரு சொட்டாகக் காட்டினால் தானே நக்கும். ஒவ்வொரு தடவை ஊட்டிய பிறகும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றுப் பக்கம் மெல்லத் தடவ வேண்டும். தாய் நக்கிவிட்டால்தான் சின்னக் குட்டிக்குச் சிறுநீரும் மலமும் வரும், அந்த வேலையை நாம் செய்ய வேண்டும். இது தெரியாமலேயே பல குட்டிகள் வயிறு உப்பிச் சாகின்றன. பறவைக் குஞ்சுக்கு வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவே கூடாது. மூச்சுக்குழாய் வாசல் அதன் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது, தண்ணீர் நேராக அதற்குள் போகும்.

சரி, ஒரு ராத்திரி தாண்டியும் வைத்திருக்க நேர்ந்தால்? கண் திறக்காத அணிலுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஊட்ட வேண்டும், நடு ராத்திரியிலும்தான். கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் நாய்க்குட்டிப் பால்பொடி பசும்பாலைவிட எவ்வளவோ மேல், அதையும் டாக்டரைக் கேட்டே கலக்க வேண்டும். பால் மறக்க ஏறக்குறைய பத்து வாரம் ஆகும். வேலைக்குப் போகிற ஒருவரால் இது முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். நான் வீட்டில் இருந்து தையல் தைப்பவள், எனக்கே கஜா சமயத்தில் எடுத்த ஏழு குட்டிகளோடு நாக்குத் தள்ளிவிட்டது. மூன்று பிழைத்தன.

பிழைத்ததோடு முடியவில்லை. கஷ்டமான பாகம் அதன் பிறகுதான் வந்தது. மனிதக் கையில் தனியாக வளர்ந்த அணிலுக்கு மனிதன்தான் தாய், பூனையைப் பார்த்தால் ஓடத் தெரியாது. என் மூன்றும் ஒன்றாக வளர்ந்ததால் ஒன்றையொன்று துரத்திக் கடித்து விளையாடி, கொஞ்சம் அணிலாகவே வளர்ந்தன. கண் திறந்த பிறகு நான் கொஞ்சுவதை நிறுத்திக்கொண்டேன். உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்து பார்க்கிறபோது கையை இழுத்துக்கொள்வது எவ்வளவு சிரமம் என்பது செய்தவர்களுக்குத் தெரியும். கூண்டைத் தோட்டத்துக்கு மாற்றி, கொய்யாக் கிளையும் முருங்கைப் பட்டையும் போட்டு, ஒரு மாதம் கழித்துக் கதவைத் திறந்து வைத்தேன். முதலில் பகலில் போய் இருட்டும் முன் திரும்பின. பிறகு சாப்பிட மட்டும் வந்தன. ஒரு நாள் வரவில்லை.

கிளி, ஆந்தை, மயில், உடும்பு, நட்சத்திர ஆமை இவற்றை வீட்டில் வைத்துக்கொள்வது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காயத்தோடு கிடந்ததைக் காப்பாற்றினேன் என்பது வளர்ப்பதற்கு அனுமதி ஆகாது. இந்தச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, இப்படிப்பட்ட விலங்கு கையில் வந்தால் 48 மணி நேரத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனிலோ வனத்துறை அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. இதைப் பயமுறுத்தலாகப் பார்க்க வேண்டியதில்லை. "எடுத்து ரெண்டு நாள் ஆச்சு, இனி ஒப்படைச்சிடணும்" என்று நம் மனசுக்கு நாமே சொல்லிக்கொள்ள அது ஒரு பிடிமானம்.

குரங்குக் குட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வீட்டில் வளர்க்காதீர்கள். சின்னதில் குழந்தை மாதிரி கழுத்தைக் கட்டிக்கொள்ளும். வளர்ந்த பிறகு கடிக்கும், வீட்டுக் குழந்தைகளை முதலில் கடிக்கும். அப்போது கூட்டமும் சேர்த்துக்கொள்ளாது, வீடும் சேர்த்துக்கொள்ளாது. மிச்ச வாழ்நாள் முழுக்கக் கூண்டுதான் அதற்கு.

வனத்துறையா, டாக்டரா, அமைப்பா?

மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றாக நினைக்கிறோம், ஆனால் மூன்றும் செய்யும் வேலை வேறு வேறு. டாக்டர் உயிரைப் பிடித்து நிறுத்துகிறார். அமைப்பு வாரக்கணக்கில் பார்த்துக்கொள்கிறது. வனத்துறைக்குத்தான் சட்டப்படி அதிகாரம், காட்டில் விடுவதும் அவர்கள் மூலம்தான். மான், மயில், முள்ளம்பன்றி, நரி, மலைப்பாம்பு என்றால் யோசனையே வேண்டாம், தொடாமல் வனச்சரக அலுவலகத்துக்கு ஃபோன் செய்ய வேண்டும். மானைத் துரத்திப் பிடித்துக் கட்டிப்போட்டால் காயத்தைவிடப் பயமே அதைக் கொன்றுவிடும்.

ஆனால் கண் திறக்காத அணிலையும் சிறகில்லாத மைனாவையும் சரக அலுவலகத்தில் கொடுத்தால்? ஒரு முறை கொண்டுபோனேன். நல்ல மனுஷர்தான் பணியில் இருந்தார். "ராத்திரி யாரும்மா பால் குடுப்பாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. பெரிய பிராணிகளுக்கு அவர்களிடம் ஆளும் முகாமும் இருக்கின்றன, அங்கேயும் அது எளிதில்லை. 2017-ல் தாயை மின்சாரத்துக்குப் பறிகொடுத்த யானைக்குட்டி ரகு, முதுமலை தெப்பக்காடு முகாமில் யானைகளைப் பார்த்துக்கொள்ளும் பொம்மன், பெள்ளி தம்பதியின் கையில் பிழைத்து வளர்ந்தது. ஆனால் அது முகாம் யானையாகத்தான் வளர்ந்தது, காட்டு யானையாக இல்லை. 2023-ல் தருமபுரிப் பக்கம் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட குட்டி, கூட்டத்தோடு சேராமல் போய், அதே முகாமுக்கு வந்து சில வாரங்களுக்குள் வயிறு கெட்டு இறந்தது. அத்தனை அனுபவமுள்ள கைகளிலேயே தாய்ப்பாலுக்கு மாற்று கிடைப்பது இவ்வளவு கஷ்டம்.

சென்னையில் இருப்பவர்களுக்கு வசதி அதிகம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, 1959-ல் தொடங்கிய விலங்கு மீட்பு அமைப்பான ப்ளூ கிராஸ் இருக்கிறது, அடையாறில் பெசன்ட் நினைவு விலங்கு மருந்தகம் இருக்கிறது. எங்களைப் போன்ற ஊர்களில் பக்கத்திலிருப்பது மாட்டாஸ்பத்திரிதான். அங்கே ஆந்தையைக் கொண்டுபோனால் பார்ப்பார்களா என்று தயங்காதீர்கள். எலும்பைச் சேர்த்துக் கட்டவும், காயத்தைக் கழுவவும், ஊசி போடவும் அவர்களால் முடியும். அங்கே போகும்போதே வனத்துறைக்கும் சொல்லிவிட்டால் அப்புறம் ஒப்படைப்பது சிக்கலில்லாமல் நடக்கும்.

ஒரு பருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னையில் தங்கை வீட்டு மொட்டை மாடியில், பட்டம் விடும் மாஞ்சா நூல் சுற்றிக் கிடந்தது. நூல் சிறகின் மடிப்புக்குள் புகுந்து சதையை அறுத்திருந்தது. தங்கை மகன் நூலை உருவப் பார்த்தான், நல்ல வேளை தடுத்தேன். இழுத்தால் மிச்ச நரம்பும் அறுந்துவிடும். பறவையின் மேல் ஒரு துண்டைப் போட்டோம். கண் மறைந்ததும் அது அடங்கியது. நூலை இரண்டு பக்கமும் கத்தரித்துவிட்டு, உள்ளே இருப்பதை அப்படியே விட்டு, காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் டாக்டரிடம் கொண்டுபோனோம். ஒரு மணி நேரத்துக்குள் போனதால் சிறகு தப்பியது. நைலான் மாஞ்சாவை நாடு முழுக்க 2017-லேயே பசுமைத் தீர்ப்பாயம் தடை செய்துவிட்டது. ஆனால் அந்த நூல் புதுசாக, பளபளவென்று இருந்தது.

மூட்டிலேயே சிறகு போய்விட்ட பறவை என்றால் டாக்டர் சில சமயம் வலியில்லாமல் முடித்துவிடலாம் என்பார். கேட்கும்போது நெஞ்சு அடைக்கும். எனக்கு இரண்டு முறை நேர்ந்தது, இரண்டு முறையும் ஒத்துக்கொண்டேன். பறக்கவே முடியாத பருந்தைக் கூண்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

சிலவற்றுக்கு நான்கு வழியும் வேண்டாம்

பாம்புக் குட்டிக்குத் தாய் தேடாதீர்கள். பிறந்த நாளிலிருந்தே அது தனி ஆள், அநாதை இல்லை. வீட்டுக்குள் வந்திருந்தால் தள்ளி நின்று தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடலாம்.

பகலில் காக்கைகள் துரத்தி மதிலோரம் ஒடுங்கிக் கிடக்கும் ஆந்தைக்குக் காயமில்லை என்றால், இருட்டான பெட்டியில் மூடி வைத்து, பொழுது சாய்ந்ததும் அதே இடத்தில் திறந்துவிட்டால் போதும். அந்த ஆந்தையைச் சாக்குருவி என்று அடிக்க வருகிறவர்களிடமிருந்து சாயங்காலம் வரை காப்பாற்றுவதுதான் உண்மையான வேலை. அது ஒரு ராத்திரியில் பிடிக்கிற எலிகளைப் பற்றிச் சொன்னால் வயல்காரர்கள் கேட்டுக்கொள்வார்கள், எங்கள் ஊரில் கேட்டார்கள்.

கரண்டுக் கம்பியில் தாய் வௌவால் கருகித் தொங்க, மார்பில் குட்டி உயிரோடு ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெறுங்கையால் தொட வேண்டாம். கம்பிப் பக்கமே போக வேண்டாம், மின்வாரியத்துக்கும் வனத்துறைக்கும் சொல்லுங்கள். 2018-ல் கோழிக்கோட்டில் வௌவால் வழியாகப் பரவும் நிபா வைரஸ் வந்ததை மறக்க முடியாது, வெறிநோய் ஆபத்தும் உண்டு. வௌவால், குரங்கு, கீரி, மரநாய், நரி எது கடித்தாலும், பிறாண்டினாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

போன ஆடியில் வந்த அணில்பிள்ளைக்கு இவ்வளவும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. காயமில்லை, பூனை தொடவில்லை, காலை எட்டு மணி. அரைமணி நேரத்தில் சூடேறிக் கூப்பிடத் தொடங்கியது. பையனே ஏணி பிடித்தான், நான் கொட்டாங்குச்சியைக் கட்டினேன். அவனுக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாள். திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டு பார்த்திருந்தான். ஒன்பது, ஒன்பதரை, பத்து. "வராதா அத்தை?" என்று இரண்டு முறை கேட்டான். பத்தே கால் இருக்கும், மேலிருந்து ஓர் அணில் தலைகீழாக இறங்கி, நின்று, வாலை உதறி, மறுபடி மேலே போய்விட்டது. அவன் முகம் வாடியது. மறுபடி இறங்கியது. கொட்டாங்குச்சி விளிம்பில் இரண்டு காலை வைத்து எட்டிப் பார்த்தது. உள்ளே தலையை விட்டு, குட்டியை வயிற்றுப் பக்கமாகக் கவ்வி, அது வாயைச் சுற்றிப் பந்து மாதிரி சுருண்டுகொள்ள, கிடுகிடுவென்று கொண்டைக்கு ஏறிவிட்டது.

பையன் வெறுங்கொட்டாங்குச்சியை அவிழ்த்துக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தான். "இத வச்சிருங்க அத்தை, அடுத்ததுக்கு ஆகும்."